மீள்வோர்க்குத் துணை மீண்டோரே

கெப்பாலா பத்தாஸில் மது எங்கே விற்கிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதுவை விட எந்த வாசலுக்குப் போவது என்று கேட்கத்தான் வாய் வருவதில்லை. கேட்கத் துணிந்தவருக்கும் பெரும்பாலும் கிடைப்பவை மூன்றே விடைகள்: கோயிலில் சத்தியம் செய், மனத்தை அடக்கு, பெண்டு பிள்ளைகளை நினைத்துப் பார். இம்மூன்றையும் அவர் பலமுறை செய்து பார்த்தவர். சாமி முன்னால் கட்டிய கயிறு மணிக்கட்டில் நைந்து கிடக்கிறது. பிள்ளைகளை நினைத்து அவர் அழுத இரவுகளுக்குக் கணக்கில்லை. ஆயினும் மாலையானால் கால்கள் பழைய வழியிலேயே நடக்கின்றன. அவருக்கு வேண்டியது நான்காவது விடை. தம்மைப் போலவே குடித்துக் கெட்டு, பின்னர் குடியை விட்டு வாழ்கின்ற மனிதர்கள் வாரந்தோறும் கூடி அமரும் ஓர் அறை வேண்டும். அந்த அறை எந்தத் தெருவில் உள்ளது, எந்தக் கிழமை கூடுகிறது, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது அவருக்கு எட்ட வேண்டும். இதனைச் செய்து தருவது ஊரின் கடமை என்பதையே இன்று வலியுறுத்துகிறோம்.

இந்த மலேசிய மண்ணில் தமிழனுக்கும் மதுவுக்கும் நேர்ந்த உறவைத் தனிமனிதனின் ஒழுக்கக் குறை என்று எழுதிக் கணக்கை மூடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலும், தாசேக் குளுகோர் மலாக்கோப் போன்ற ரப்பர்த் தோட்டங்களுக்கு அதன் பின்னரும் நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். இருள் பிரியுமுன் எழுந்து மரம் சீவி, பால் சுமந்து, உடல் ஓய்ந்து லயத்துக்குத் திரும்பியவர்களுக்குப் பள்ளிக்கூடத்தை விடவும் மருந்தகத்தை விடவும் அருகில் இருந்தது கள்ளுக்கடை. அது உரிமம் பெற்ற கடை. ஆட்சியாளரும் தோட்ட நிர்வாகமும் அறிய நடந்த கடை. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று நியாயமும் சொல்லப்பட்டது. உழைத்தவனின் கூலியைக் கள்ளுக்கு ஈடாக வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை அவனுக்கே நலம் என்று திருப்பித் தந்த ஏற்பாடு அது.

நம்மவர் அதை வாளா பார்த்திருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடும், வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவை ஒழிப்பதோடும் சேர்ந்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. போர் முடிந்தபின், மூடா ஆற்றுக்கு அப்பால் கெடா பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்த அந்தத் தோட்டப் பாட்டாளிகள் 1947இல் காவல்துறையின் கடும் அடக்குமுறைக்கு ஆளாயினர், உயிர்ப்பலியும் நேர்ந்தது. கள்ளின் இடத்தைப் பின்னாளில் சம்சு பிடித்தது. மளிகைக் கடைகளிலேயே சிறு புட்டிகளில், சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த அந்தச் சாராயத்துக்கு எதிராக, எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு குரல் கொடுத்தது. 2017 டிசம்பர் 1 முதல், சம்சுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த புட்டியில் விற்கக் கூடாது, 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்கக் கூடாது என்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2020 அக்டோபரில், வண்டி ஓட்டுவோரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கத்தகும் மதுவின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

இவை யாவும் போற்றத்தக்கவை. ஆனால் இவை கடையையும் புட்டியையும் வண்டியையும் நோக்கியவை. குடிநோய்க்கு ஏற்கெனவே ஆட்பட்டுவிட்ட மனிதரை நோக்கி நாம் அனுப்பி வந்தது அறிவுரை ஒன்றையே. அறிவுரை ஏன் தோற்கிறது என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் இதை உணர்வர். குடித்துக் களித்தவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒக்கும் என்கிறது ஒன்று. குடிப்பவன் தான் குடியாத பொழுதில், குடித்துக் கிடக்கும் இன்னொருவனைக் காணுங்கால், தன் சோர்வும் இத்தகையதே என்று நினைக்கமாட்டானோ என்று கேட்கிறது மற்றொன்று. வெளியார் சொல் எட்டாத இடத்துக்கு, இன்னொருவரிடம் தன்னைக் காணும் காட்சி எட்டும் என்பது அதன் உட்கிடை. குடிநோயிலிருந்து மீண்டோர் கூடும் கூட்டத்தின் வேரும் இதுவே. விழுந்தவரைக் கண்டு அஞ்சுவதோடு, எழுந்தவரைக் கண்டு நம்பிக்கை கொள்வதையும் அக்கூட்டம் சேர்த்துத் தருகிறது.

இவ்வுண்மை உலகில் ஓர் அமைப்பாக உருப்பெற்ற வரலாறு அறியத்தக்கது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில், பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத் தரகர் விடுதிக் கூடமொன்றில் தனியே நின்றார். வந்த வணிகக் காரியம் தோற்றுவிட்டது. கையில் பணம் இல்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறுபக்கம் ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும். அதுவரை நியூயார்க்கில் எத்தனையோ குடிநோயாளிகளிடம் அவர் பேசிப் பார்த்திருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் தாம் குடிக்காமல் இருந்திருக்கிறோம் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. தாம் பிழைக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும். தொலைபேசியை எடுத்தார். மறுநாள் அவர் எதிரே வந்து அமர்ந்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால்மணி நேரத்துக்கு மேல் தங்க இயலாது என்று சொல்லி வந்தவர், இரவு பதினொரு மணிக்குப் பின்னரே எழுந்தார். மதுவின் கேட்டைப் பற்றி மருத்துவர் அறியாத எதையும் தரகர் சொல்லியிருக்க இயலாது. தரகர் சொன்னது தம் கதையை. அதில் மருத்துவர் தம்மைக் கண்டார். இடையில் ஒருமுறை சறுக்கிய டாக்டர் பாப் இறுதியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அந்நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவ்வியக்கம் இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் பரவியுள்ளது. மலேசியாவிலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு.

அதன் நெறிகள் சிலவற்றை நம் ஊரார் தெளிவாக அறிந்திருத்தல் நலம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. சந்தா இல்லை, கட்டணம் இல்லை, மனு இல்லை. செலவை உறுப்பினர்களே தங்களால் இயன்றதைப் போட்டு ஈடுசெய்கின்றனர். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. எக்கட்சியோடும் எச்சமயத்தோடும் அது சேர்வதில்லை. எவ்விவாதத்திலும் பக்கம் சாய்வதில்லை. இந்தக் கட்டுப்பாட்டின் அருமை வரலாறு படித்தோருக்கு விளங்கும். ஏ.ஏ.வுக்கு 95 ஆண்டுகளுக்கு முன்னரே, 1840இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குடிப்பழக்கமுள்ள அறுவர் கூடி, வாஷிங்டோனியர் என்ற பெயரில் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இயக்கமொன்றைத் தொடங்கினர். அது காட்டுத்தீ வேகத்தில் வளர்ந்தது. பின்னர் மேடைப் பேச்சாளர்களும் மதுவிலக்குச் சண்டைகளும் அதற்குள் புகுந்தன. சில ஆண்டுகளில் அது சிதைந்தது. தன் நோக்கம் ஒன்றையே பற்றி நிற்பது ஏ.ஏ.வின் உயிர்க்காப்பு.

கூட்டத்துக்குள் நடப்பது யாது? வெளியிலிருந்து அஞ்சுவோர் எண்ணுவதுபோல் அங்கே விசாரணை இல்லை. தேவாலயத்திலோ சமூக மண்டபத்திலோ வாடகைக்கு எடுத்த சாதாரண அறை அது. நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்டிருக்கும். ஓரத்து மேசையில் தேநீர் இருக்கும். சில புத்தகங்கள் இருக்கும். புதியவர் வந்தால் யாரேனும் ஒருவர் எழுந்து வந்து கைகொடுப்பார். பெயர் கேட்டால் முதற்பெயரைச் சொன்னால் போதும்; தொழிலோ முகவரியோ எவரும் கேட்பதில்லை. நெறிகள் சில வாசிக்கப்பட்ட பின் ஒருவர் பேசத் தொடங்குவார். தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்வார். தாம் எப்படி இருந்தோம், என்ன நேர்ந்தது, இன்று எப்படி இருக்கிறோம் என்ற மூன்றையும் சொல்வார். இடைமறிப்பவர் இல்லை, திருத்துபவர் இல்லை, நீ செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்பவர் இல்லை. அவர் முடித்தபின் அடுத்தவர். பேச விரும்பாத புதியவர் தலையசைத்து விடலாம். கேட்டுக்கொண்டிருப்பதற்கே அவர் வந்திருக்கலாம். உண்டியல் சுற்றி வரும்போது புதியவர் பணம் போட வேண்டும் என்பதில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

முடிந்தபின் வாசலில் நடப்பது கூட்டத்தை விடவும் முக்கியமானது. தொலைபேசி எண்கள் கைமாறும். முதல் மிடறு குடிப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள் என்று ஒருவர் சொல்வார். நள்ளிரவில் கூப்பிட்டால் எடுக்கின்ற ஒருவர் உலகில் இருக்கிறார் என்ற உறுதியோடு புதியவர் வீடு திரும்புவார். நாளடைவில், நெடுங்காலம் குடியாதிருக்கும் ஒருவரைத் தமக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்வார். இனி வாழ்நாள் முழுவதும் தொடமாட்டேன் என்ற பெருஞ்சபதத்தை அங்கே யாரும் அவரிடம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள், இந்த 24 மணி நேரம் குடிக்காதிருப்போம் என்பதே அங்குள்ள கணக்கு. சத்தியம் செய்து செய்து முறிந்தவர்க்கு இந்தச் சிறிய அளவு எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தோரே அறிவர்.

இது வெறும் நம்பிக்கையா, மெய்ப்பிக்கப்பட்டதா என்று கேட்பது முறையே. நெடுங்காலம் இதற்கு உறுதியான விடை இல்லை. 2006இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு திட்டவட்டமான சான்று இல்லை என்றே முடித்தது. ஜான் கெல்லியும் கீத் ஹம்ப்ரீசும் மரிக்கா பெர்ரியும் 2020இல் புதிதாகச் செய்த தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசியது. நோயாளியை ஏ.ஏ. கூட்டத்தோடு முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றோரில் 42 விழுக்காட்டினர் ஓராண்டின் முடிவில் முற்றிலும் குடியாதிருந்தனர். பிற சிகிச்சைகளைப் பெற்றோரில் அது 35 விழுக்காடு. இந்த எண்களை இருபுறமும் நேர்மையாகப் படிக்க வேண்டும். கூட்டத்துக்குப் போன எல்லோரும் மீளவில்லை; பாதிக்கு மேற்பட்டோர் மீண்டும் குடித்தனர். ஆயினும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களின் முறைகளைவிடச் செலவில்லாத இக்கூட்டம் குறைந்ததன்று, முழு விலகலில் மேம்பட்டது. இன்னொன்றையும் குறிக்க வேண்டும். அங்கு ஆராய்ந்தது கூட்டத்துக்குப் போ என்று வாயால் சொல்லி அனுப்புவதை அன்று. கூட்டத்தைக் காட்டி, சேர்த்துவிட்டு, சென்றாரா என்று தொடர்ந்து கேட்ட முறையை. நம் ஊருக்கு இதுவே பாடம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள்களில் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் மருட்சியும் காய்ச்சலும் சேர்ந்து தோன்றினால் அது அவசர நோய். வைராக்கியத்தோடு அறைக்குள் பூட்டி வைப்பதும், பேய் பிடித்தது என்று மந்திரிப்பதும் கொலைக்கு ஒப்பானவை. அத்தகையோர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. பெர்தாமிலேயே கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனை இருக்கிறது. மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும், கண்காணிப்பும் அந்த நாள்களைக் கடக்க உதவும். உடல் தெளிந்தபின் வரும் மாதங்களையும் ஆண்டுகளையும் கடக்கத்தான் கூட்டம். மருத்துவமும் கூட்டமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வேண்டியவை.

இனி, நம் ஊரில் இருப்பவர் இத்தகைய கூட்டத்தைத் தேடிச் செல்லும்போது எதிர்ப்படும் தடைகளைப் பார்ப்போம். முதலாவது தொலைவு. பினாங்கு என்றால் தீவு என்றே பலர் நினைக்கின்றனர். கூட்டமும் ஆலோசனையும் ஜார்ஜ் டவுனில் இருக்கும் என்றால், பட்டர்வொர்த் வரை பேருந்தில் போய், படகேறி, அங்கிருந்து இன்னொரு பேருந்தைப் பிடித்து, கூட்டம் முடிந்து அதே வழியில் இரவில் திரும்ப வேண்டும். பிறையிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் மாறி மாறி ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு இது எத்தனை வாரம் இயலும்? குடித்து ஓட்டியதற்காக உரிமம் இழந்தவரின் நிலை என்ன? இரண்டாவது மொழி. தன் வாழ்வின் ஆழ்ந்த வெட்கத்தை ஒருவர் தாய்மொழியிலேயே சொல்ல முடியும். ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவருக்கும், மலாயில் நாளெல்லாம் பேசுபவருக்கும், அப்பாவின் குடியைப் பற்றி அம்மாவிடம் கேட்ட சொற்கள் தமிழில்தான் இருக்கின்றன. மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, ஊர்க்கண். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், அந்த அறை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் மறுநாள் சந்தையில் பேச்சாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. கடைவாசலில் விழுந்து கிடந்தபோது எல்லோரும் கண்டனரே என்று கேட்டுப் பயனில்லை. குடிப்பதை மறைக்காதவரும் குடியை விட முயல்வதை மறைக்கவே விரும்புகிறார், தோற்றால் ஊர் சிரிக்கும் என்பதால். அங்கே கண்டதையும் கேட்டதையும் அங்கேயே விட்டுச் செல்லும் கட்டுப்பாடு ஏ.ஏ.வின் உயிர்நாடி. அக்கட்டுப்பாட்டை அறைக்கு வெளியிலும் காப்பது ஊராரின் கடன்.

பெண்களின் துன்பம் இதனினும் கொடிது. குடிக்கும் ஆணுக்கு ஊர் இரங்கும். குடிக்கும் பெண்ணுக்கு ஊரில் இடமில்லை. ஆகவே அவள் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறாள். நோய் முற்றியபின்னரே வெளியே தெரிகிறது. பெண்கள் தனியே கூடும் கூட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. நம்மிடையேயும் அது வேண்டும். கடவுளைப் பற்றிய தயக்கமும் சிலருக்கு உண்டு. ஏ.ஏ.வின் மீட்சி வழியான பன்னிரு படிகளில் ஒரு பேராற்றலைப் பற்றிய பேச்சு வருவதால், இது மதமாற்றச் சூழ்ச்சியோ என்று நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அவரவர் அறிந்தவாறான இறை என்றே அங்கே சொல்லப்படுகிறது. முருகனை வணங்குபவர் முருகனை எண்ணலாம். கடவுள் மறுப்பாளர் அந்தக் கூட்டத்தின் ஒற்றுமையையே பேராற்றலாகக் கொள்ளலாம்.

குடிப்பவரின் குடும்பத்துக்கும் தனியே துணை வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951இல் அல்-அனான் என்னும் குடும்பத்தார் அமைப்பு உருவாக முன்னின்றார். கணவரின் சட்டைப் பையைச் சோதித்து, புட்டியைக் கழிவு நீரில் கொட்டி, மேலாளரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்பு வாங்கி, கடனை அடைத்து, பிள்ளைகளிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மழுப்பி, ஆண்டுக் கணக்கில் வாழ்ந்த பெண்கள் நம் அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பேர்! அவர்கள், அந்தக் குடியைத் தாம் உண்டாக்கவில்லை, தம்மால் அதைக் கட்டுப்படுத்தவும் இயலாது என்று கேட்கும் முதல் இடம் அத்தகைய கூட்டமாகவே இருக்கும். அடியும் உதையும் நிகழும் வீட்டில் பொறுமையை உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை. அங்கே பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பாக வெளியேறுவதே முதற்கடமை.

சிகிச்சையை நோயாளியின் வாசலுக்குக் கொண்டு செல்ல முடியுமா என்ற வினாவுக்குத் தமிழகத்தில் விடை உண்டு. இளம் வயதிலேயே கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் அவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், நகரத்து மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. அந்நிறுவனம் தஞ்சைத் தரணியின் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் முகாமிட்டது. குடிநோயாளிகள் தங்கள் ஊர்ப்பக்கத்திலேயே ஒன்றாகத் தங்கினர், மருத்துவரும் ஆலோசகரும் அங்கே வந்தனர், குடும்பத்தார் அழைக்கப்பட்டனர், ஊர்ப் பெரியவர்கள் ஆளைச் சேர்ப்பதிலும் பின்னர் கவனித்துக்கொள்வதிலும் பங்கேற்றனர். மீண்டவர்கள் அடுத்து வருவோரை அழைத்து வந்தனர். மருத்துவ இதழ்களில் மஞ்சக்குடி அனுபவம் என்றே அது பதிவாகியுள்ளது. நெல் வயல் சூழ்ந்த ஒரு தமிழ்ச் சிற்றூரில் இயன்றது, நெல் வயல் சூழ்ந்த செபராங் பிறையில் இயலாதா?

செய்ய வேண்டியவை பெருந்திட்டங்கள் அல்ல. வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், ஓர் அறையை நியாயமான வாடகைக்குத் தர ஒரு கோயில் மண்டபமோ சமூக மண்டபமோ முன்வர வேண்டும். இலவசமாகத் தருகிறோம் என்று வற்புறுத்த வேண்டாம். சொந்தக் காலில் நிற்பது அவர்களின் நெறி. திறப்பு விழா வேண்டாம், பெயர்ப்பலகையில் எவர் பெயரும் வேண்டாம், மாலையும் புகைப்படமும் கூடவே கூடாது. சுகாதார கிளினிக்குகளில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, குடியைப் பற்றிய சில வினாக்களையும் இகழ்ச்சியின்றிக் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வினாக்களுக்குச் சில நிமிடங்களே ஆகும். பிறகு ஒரு துண்டுத்தாளை நீட்டுவதோடு நிறுத்தாமல், அங்கேயே தொலைபேசியை எடுத்து, கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரோடு அவரைப் பேச வைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், அப்பாவின் குடியால் வாடும் பிள்ளையை அடையாளம் கண்டு அரவணைக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் முதலாளிகளும், சிகிச்சைக்குப் போக விடுப்புக் கேட்பவரை வேலையை விட்டு விலக்காமல் காக்க வேண்டும். தமிழ் ஏடுகள், கூட்டம் நடக்கும் இடத்தையும் கிழமையையும் கோயில் திருவிழா அறிவிப்பைப் போல் வாரந்தோறும் வெளியிட வேண்டும். சென்றவரின் பெயரை ஒருநாளும் வெளியிடக் கூடாது. திருமணத்திலும் தீபாவளியிலும், குடிப்பதில்லை என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்காத நாகரிகத்தை நாம் எல்லோருமே பழக வேண்டும்.

குடியை நோய் என்று சொன்னால் குடித்தவன் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்பு வழங்கியதாகாதா என்று சிலர் சினத்தோடு கேட்பர். அடிபட்ட மனைவியரும் பசித்த பிள்ளைகளும் கேட்கும்போது அச்சினம் அறத்தின் சினம். அதை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். ஆனால் பன்னிரு படிகளைப் படித்தோர் அறிவர்: எட்டாவது படி, தாம் தீங்கிழைத்தோர் அனைவரின் பட்டியலையும் எழுதச் சொல்கிறது, ஒன்பதாவது, இயன்ற இடமெல்லாம் நேரில் சென்று ஈடுசெய்யச் சொல்கிறது, அப்படிச் செல்வது அவர்களுக்கே மேலும் ஊறு செய்யுமானால் மட்டும் விலகி நிற்கச் சொல்கிறது. நீதிமன்றம் தண்டனை தரும். ஊர் வசை தரும். செய்ததைத் தாமே எழுதி, எழுதியதோடு படியேறிப் போகச் சொல்லும் கடுமை இதில் உண்டு. நோய்க்கு ஆட்பட்டது அவர் குற்றமன்று. மருந்து இருக்கும் இடம் தெரிந்தபின் போகாதிருப்பது அவர் பொறுப்பு. அந்த இடத்தை அவருக்குத் தெரியாதபடி வைத்திருப்பது நம் குற்றம்.

இத்தலையங்கத்தைப் படிப்போரில் இருவகையினரிடம் நேரே ஒரு சொல். இன்றும் குடித்துக்கொண்டிருப்பவரே, குடியை விட்டபின் கூட்டத்துக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்; விட முடியாதவர்க்காகவே அது கூடுகிறது. பின்வரிசையில் அமரலாம், வாய் திறக்காமல் வரலாம், சறுக்கினால் மறுவாரமும் போகலாம். எத்தனையாவது முறை என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. குடியை விட்டுப் பல ஆண்டுகளாக இவ்வூரிலேயே ஓசையின்றி வாழ்ந்துவரும் பெரியோரே, உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இன்னும் கனமானது. உங்கள் மீட்சியைப் பழைய அவமானமாக மூடி வைத்திருக்கிறீர்கள். மருத்துவரும் ஆசிரியரும் அர்ச்சகரும் தர இயலாத ஒன்று அதற்குள் இருக்கிறது. குடியாதிருக்கும் நோக்கத்தோடு இருவரோ மூவரோ கூடினாலே அது ஒரு குழு என்பது ஏ.ஏ.வின் மரபு. ஏக்ரனில் தொடங்கும்போதும் இருவரே இருந்தனர். கெப்பாலா பத்தாஸில் அந்த இருவர் இப்போதே இருக்கின்றனர் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு, கிழமையையும் நேரத்தையும் குறித்து, தமிழில் கூட்டத்தைத் தொடங்கட்டும்.